நாளைய கப்பலுக்கு எது எரிபொருள்? நோர்வேத் துறைமுகங்களின் திட்டமிடலும் புலம்பெயர் தமிழரும்

(புலம்பெயர் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்குமாக ஆற்றப்பட்ட உரையின் எழுத்து வடிவம்)



யாழ்ப்பாணக் குடாநாட்டின் தீவுப்பகுதிகளில் பிறந்தோருக்குப் 'பாதை' என்ற சொல்லுக்கு விளக்கம் தேவையில்லை. காரைநகருக்கும் ஊர்காவற்றுறைக்கும் இடையே மனிதரையும் வாகனங்களையும் ஏற்றிச் செல்லும் மிதவைக்கே அவ்வூர் மக்கள் பாதை என்று பெயரிட்டனர். கடல் குறுக்கிட்ட இடத்தில் கலமே தெருவாகிவிடுகின்றது என்ற உண்மை அந்த ஒரு சொல்லுக்குள் அடங்கியிருக்கின்றது. மருத்துவமனைக்குச் செல்லும் நோயாளியும் பரீட்சைக்குச் செல்லும் மாணவனும் சந்தைக்குச் செல்லும் வியாபாரியும் அந்தக் கலத்தின் இயந்திரத்தையும், அந்த இயந்திரத்திற்குக் கிடைக்கும் டீசலையும் நம்பியே வாழ்ந்தனர். எரிபொருள் இல்லாத நாளில் பாதையும் இல்லை.

அதே நிலைமை உலகின் வடமுனையை அண்டிய செல்வந்த நாடொன்றிலும் உண்டு. நோர்வே நாட்டின் கரையோரத்தை, குடாக்களையும் தீவுகளையும் சேர்த்து அளந்தால், அது ஒரு இலட்சம் கிலோமீற்றருக்கும் அதிகமாக நீள்கின்றது. மலைகளுக்கு நடுவே ஆழமாக உட்புகுந்து கிடக்கும் 'பியோர்ட்' எனப்படும் கடற்குடாக்கள் பெருந்தெருக்களை ஆங்காங்கே துண்டித்து விடுகின்றன. அவ்விடங்களில் நூற்றுக்கும் மேற்பட்ட பாதைப்படகுச் சேவைகள் தெருவின் தொடர்ச்சியாக இயங்கி வருகின்றன. ஆகவே கப்பலுக்கு எந்த எரிபொருள் என்ற வினா, அந்நாட்டு அரசுக்கு, தெருவுக்கு எந்தத் தார் என்ற வினாவைப் போன்றே அன்றாட ஆட்சிப்பணியாகி விட்டது.

நோர்வேக்கும் தமிழருக்கும் இடையிலான உறவும் கடல்வழியே வளர்ந்த உறவேயாகும். 1956 ஆம் ஆண்டில் நோர்வே சென்ற அன்ரனி இராஜேந்திரம் அவர்கள், நோர்வே மக்களின் துணையுடன் 1960களின் பிற்பகுதியில் யாழ்ப்பாணத்தில் சீநோர் என்னும் கடற்றொழில் நிறுவனம் உருவாக வழிசமைத்தார். காரைநகரிலே அதன் படகு கட்டும் தளம் அமைந்தது. பின்னர் 1980களில் போரினால் இடம்பெயர்ந்து நோர்வேயின் வடகோடியிலுள்ள பின்மார்க் மாநிலத்தின் மீன்பதனிடும் ஆலைகளில் உழைத்தோர் பலர் தமிழரே. இன்று அவர்தம் பிள்ளைகள் ஒஸ்லோவிலும் பேர்கனிலும் ஒலெசுண்டிலும் வாழ்கின்றனர். அவர்கள் வாழும் நகரங்களின் துறைமுகங்களில் இப்பொழுது ஒரு பெரும் மாற்றம் நடைபெற்று வருகின்றது. அது எவ்வாறு திட்டமிடப்பட்டது, எங்கே வென்றது, எங்கே சறுக்கியது, அதில் தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும் என்ன பங்கு என்பனவே இவ்வுரையின் பொருளாகும்.

1. மாற்றம் ஏன் தேவைப்பட்டது?

கப்பலின் எரிபொருள் மாறுவது வரலாற்றில் இது முதற்றடவையன்று. பாய்மரத்தை நீராவி வென்றது. நிலக்கரியை எண்ணெய் வென்றது. 1906 இல் வ. உ. சிதம்பரனார் தூத்துக்குடியில் சுதேசி நீராவிக் கப்பல் கம்பனியை நிறுவியபோது நிலக்கரியே கடலின் அரசனாக இருந்தது. ஆறே ஆண்டுகளில், 1912 இல், 'செலாண்டியா' என்னும் டென்மார்க் நாட்டுக் கப்பல் டீசல் இயந்திரத்துடன் பெருங்கடல் கடந்து பாங்கொக் நோக்கிச் சென்றது. அதன் பின்னர் சில பத்தாண்டுகளுக்குள் நிலக்கரிக் கொட்டில்கள் துறைமுகங்களிலிருந்து மறைந்தே போயின.

முன்னைய மாற்றங்கள் இலாபத்தின் பொருட்டு நிகழ்ந்தவை. புதிய எரிபொருள் மலிவானதாகவும் வசதியானதாகவும் இருந்தமையால் வணிகரே அதனைத் தேடிச் சென்றனர். இன்றைய மாற்றமோ அத்தகையதன்று. இன்று முன்வைக்கப்படும் மாற்று எரிபொருட்கள் பெரும்பாலும் விலை கூடியவை, இடத்தை அடைப்பவை, கையாளக் கடினமானவை. ஆகையால் சந்தை தானாக இம்மாற்றத்தைச் செய்துவிடும் என்று காத்திருக்க முடியாது. அரசு திட்டமிட்டால் மட்டுமே இது நிகழும்.

சர்வதேச கடல்சார் அமைப்பு 2020 இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2018 ஆம் ஆண்டில் உலகின் மனிதச் செயற்பாடுகளால் வெளியான பசுமைஇல்ல வாயுக்களில் ஏறத்தாழ 2.9 வீதம் கப்பற் போக்குவரத்தினால் வெளியானதாகும். அது தூரத்து ஆபத்து. பக்கத்து ஆபத்து வேறொன்று. துறைமுகத்தில் நிற்கும் கப்பல், தனது விளக்குகளுக்கும் குளிரூட்டிகளுக்குமாகத் துணை இயந்திரங்களை இரவு பகலாக ஓட்டுகின்றது. அதிலிருந்து வெளியாகும் நைதரசன் ஒட்சைட்டுகளும் கந்தகமும் நுண்துகள்களும் துறைமுகத்தை அண்டி வாழும் மக்களின் நுரையீரலுக்கே முதலில் செல்கின்றன.

மலைகள் சூழ்ந்த பேர்கன் நகரத்தார் இதனை நன்கறிவர். குளிர்காலத்தில் காற்று அசையாத நாட்களில் குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் மூடிபோல் அமர்ந்து, புகையை மேலே எழவிடாது தடுத்துவிடும். 2010 ஜனவரியில் அந்நகரின் காற்று அவ்வாறு மாசடைந்தபோது, வாகனங்களின் இலக்கத்தகட்டு எண்ணைப் பார்த்து ஒருநாள் விட்டு ஒருநாள் ஓட்ட அனுமதிக்கும் நிலை ஏற்பட்டது. அதற்கு முதற்காரணம் தெரு வாகனங்களே. எனினும், நகரத்தின் நடுவிலேயே துறைமுகம் அமைந்த ஊரில் கப்பற்புகையைப் பற்றிப் பேசாதிருக்க எவராலும் முடியவில்லை.

2. அரசின் கையிலிருந்த நான்கு கருவிகள்

நோர்வே அரசு கப்பல் உரிமையாளர்களுக்கு உபதேசம் செய்வதோடு நிற்கவில்லை. நான்கு கருவிகளை ஒன்றன்பின் ஒன்றாகக் கையிலெடுத்தது.

முதலாவது, கேள்விப்பத்திரம். பாதைப்படகுச் சேவைகளை நடத்துவது தனியார் நிறுவனங்கள். ஆனால் அவற்றை ஒப்பந்தத்திற்கு விடுவது அரசின் தெருத்துறையும் மாநில நிர்வாகங்களுமாகும். பணம் கொடுப்பவர் நிபந்தனையும் விதிக்கலாம். 2000 ஆம் ஆண்டிலேயே 'குளூத்ரா' என்னும் படகு, திரவ இயற்கை எரிவாயுவில் இயங்கும் உலகின் முதலாவது பாதைப்படகாக நோர்வேயில் சேவைக்கு வந்தது. பின்னர், மாசற்ற படகொன்றை வடிவமைப்போருக்குப் பத்தாண்டு ஒப்பந்தம் என்ற போட்டியொன்றைத் தெருத்துறை அறிவித்தது. அதன் பயனாக 2015 இல் 'அம்பியர்' என்னும் படகு லாவிக், ஒப்பெடால் ஆகிய இரு கரைகளுக்கிடையே ஓடத் தொடங்கியது. வாகனங்களை ஏற்றிச் செல்லும், முழுமையாக மின்கலத்தில் இயங்கும் உலகின் முதலாவது பெரிய பாதைப்படகு அதுவேயாகும். 120 வாகனங்களையும் 360 பயணிகளையும் ஏற்றிக்கொண்டு, ஏறத்தாழ 6 கிலோமீற்றர் தூரத்தை 20 நிமிடத்தில் கடக்கும் இப்படகு, ஆண்டொன்றுக்குப் பத்து இலட்சம் லீற்றர் டீசலை மிச்சப்படுத்தியது.

அதன் வெற்றியைக் கண்ட நோர்வேப் பாராளுமன்றம், இனிவரும் பாதைப்படகு ஒப்பந்தங்கள் அனைத்திலும் தாழ்மாசு அல்லது மாசற்ற தொழில்நுட்பத்தைக் கோருமாறு அரசைக் கேட்டுக்கொண்டது. ஒரு படகில் தொடங்கிய முயற்சி பத்தாண்டுக்குள் பல பத்துப் படகுகளாகப் பெருகியது. ஒஸ்லோவின் ஆக்கர் பிரிக்கேயிலிருந்து நேசொட்டனுக்குச் செல்லும் பயணிகள் படகுகளும் 2019 முதல் மின்கலத்திற்கு மாற்றப்பட்டன. அப்படகில் பயணம் செய்த தமிழ்ப்பிள்ளைகள் பலர், அது ஓர் அரசாணையின் விளைவு என்பதை அறியாமலே பயணம் செய்திருப்பர்.

இரண்டாவது, வரியும் நிதியமும். நைதரசன் ஒட்சைட்டு வெளியேற்றத்திற்கு 2007 ஜனவரி முதலாம் நாள் நோர்வே வரி விதித்தது. கப்பற்றுறையும் கடற்றொழிற்றுறையும் இதனை எதிர்த்தபோது, அரசு ஓர் உடன்படிக்கைக்கு வந்தது. அதன்படி 2008 இல் தொழிற்றுறை அமைப்புகளின் கூட்டு நிதியம் ஒன்று உருவாகியது. அதில் இணைந்த நிறுவனங்கள் வரிக்குப் பதிலாகக் குறைந்த கட்டணத்தை நிதியத்திற்குச் செலுத்தின. நிதியமோ அப்பணத்தை மாசு குறைக்கும் இயந்திரங்களை வாங்குவோருக்கே உதவியாகத் திருப்பிக் கொடுத்தது. ஆனால் ஒரு நிபந்தனை: மாசு உண்மையாகவே குறைந்திருக்க வேண்டும், இன்றேல் வரி திரும்பி வரும். தண்டனையையும் பரிசையும் ஒரே கயிற்றில் கட்டிய இந்த ஏற்பாடு, மற்றைய நாடுகள் கூர்ந்து கவனிக்கத்தக்க ஒன்றாகும்.

மூன்றாவது, கரைமின்சாரம். துறைமுகத்தில் நிற்கும் கப்பலுக்குக் கரையிலிருந்து மின்சாரம் கொடுத்தால் அதன் துணை இயந்திரங்களை அணைத்துவிடலாம். ஒஸ்லோத் துறைமுகத்தில் 2011 முதல் ஜேர்மனிக்குச் செல்லும் பெரும் பயணிகள் கப்பல்களுக்கு இவ்வசதி கிடைத்தது. பேர்கனில் 2020 இல் பெரும் உல்லாசப் பயணக் கப்பல்களுக்கான கரைமின் நிலையம் அமைந்தது. எனோவா என்னும் அரச நிறுவனம் நாடெங்கும் இத்தகைய பல திட்டங்களுக்கு நிதி வழங்கியது. ஒஸ்லோ மாநகரம் 2018 இல் தனது துறைமுகத்தின் மாசை 2030 ஆம் ஆண்டுக்குள் 85 வீதத்தால் குறைப்பதென்று திட்டம் வகுத்தது.

நான்காவது, சட்டம். 2005 இல் உலக மரபுரிமைச் சின்னமாக அறிவிக்கப்பட்ட கெய்ராங்கர், நேரோய் குடாக்களும் அவற்றை அண்டிய நீர்ப்பரப்புகளும் நோர்வேயின் அழகுக்கு முகவரியாகும். உல்லாசக் கப்பல்களின் புகை அங்கே மலைகளுக்கிடையே நீலப்படலமாகத் தேங்கி நின்றது. 2018 இல் நோர்வேப் பாராளுமன்றம், அக்குடாக்களுள் நுழையும் சுற்றுலாக் கப்பல்களும் பாதைப்படகுகளும் கூடிய விரைவில், எவ்வகையிலும் 2026 ஆம் ஆண்டுக்குள், மாசற்றவையாக வேண்டுமென்று தீர்மானித்தது. 2019 மார்ச் முதல் கந்தகத்திற்கும் புகைக்கும் கழிவுநீருக்கும் இடைக்காலக் கட்டுப்பாடுகள் நடைமுறைக்கு வந்தன.

3. மின்கம்பியின் பலமே துறைமுகத்தின் பலம்

இக்கருவிகள் அனைத்தும் எளிதில் பலித்தன என்று எண்ணிவிடலாகாது. அம்பியர் படகின் கதையே அதற்குச் சான்று. அப்படகு ஒவ்வொரு கரையிலும் நிற்கும் நேரம் ஏறத்தாழப் பத்து நிமிடம். அதற்குள் மின்கலம் நிரம்ப வேண்டுமாயின் ஒரே கணத்தில் பெருமளவு மின்சாரம் பாயவேண்டும். ஆனால் அக்கரைகள் சிற்றூர்கள். அங்கு வரும் மின்கம்பிகள் அவ்வளவு சுமையைத் தாங்கமாட்டா. படகை மின்னேற்றினால் ஊரின் விளக்குகள் மங்கிவிடும்.

அதற்குப் பொறியியலாளர் கண்ட தீர்வு, ஊர்க்கிணற்றடியில் தண்ணீர்த் தாங்கி வைத்திருப்போருக்கு நன்கு விளங்கும். சிறிய நீரிறைக்கும் இயந்திரம் மெல்லமெல்ல நாள்முழுவதும் தாங்கியை நிரப்பும். தேவையானபோது குழாயைத் திறந்தால் நீர் ஒரேயடியாகப் பாயும். அவ்வாறே இரு கரைகளிலும் பெரும் மின்கலங்கள் நிறுவப்பட்டன. படகு கடலில் செல்லும் வேளையில் அவை மெதுவாக நிரம்பின. படகு கரைசேர்ந்ததும் தம்மிடமிருந்ததை விரைவாக அதற்கு வழங்கின. மாற்று எரிபொருட் திட்டமிடல் என்பது கப்பலைப் பற்றியது மட்டுமன்று, அது கரையைப் பற்றியதுமாகும் என்ற பாடத்தை இச்சிறு ஊர்களே நாட்டிற்குக் கற்பித்தன.

மேலும், மின்கலம் எல்லாக் கலங்களுக்கும் ஏற்றதன்று. குறுகிய தூரத்தைக் கடக்கும் படகுக்கு அது சிறந்தது. ஆனால் வடபுலக் கடலில் நான்கு மணிநேரம் அலைகளோடு போராடி லொபோத்தன் தீவுகளுக்குச் செல்லும் கப்பலுக்கோ, பெருங்கடல் தாண்டும் கொள்கலன் கப்பலுக்கோ தேவையான மின்கலத்தை ஏற்றினால், பொருள் ஏற்ற இடமும் எடையும் எஞ்சா. அங்கேதான் ஏனைய எரிபொருட்கள் பற்றிய வினா எழுகின்றது.

4. ஒவ்வொன்றிலும் ஒரு நன்மை, ஒவ்வொன்றிலும் ஒரு குறை

திரவ இயற்கை எரிவாயு கந்தகத்தை ஏறத்தாழ முற்றாக ஒழிக்கின்றது. நைதரசன் ஒட்சைட்டையும் பெரிதும் குறைக்கின்றது. ஆயினும் அது பூமிக்கடியிலிருந்து எடுக்கப்படும் எரிபொருளே. அத்துடன் எரியாது தப்பிச்செல்லும் மெதேன், காபனீரொட்சைட்டை விடப் பன்மடங்கு வெப்பத்தைச் சிறைப்பிடிக்கும் வாயுவாகும். 2000 ஆம் ஆண்டில் முன்னேற்றமாகக் கொண்டாடப்பட்ட எரிபொருள், இன்று இடைத்தங்கல் மடமாக மட்டுமே கருதப்படுகின்றது. பெரும் பணம் செலவிட்டு அதற்கெனக் களஞ்சியங்கள் கட்டிய துறைமுகங்களுக்கு இது கசப்பான பாடமாகும்.

ஐதரசன் எரியும்போது நீராவியே வெளியாகின்றது. நோர்வேக்கு இது புதிய பொருளுமன்று. 1920களின் இறுதியிலேயே வேமொர்க் என்னுமிடத்தில் நீர்வீழ்ச்சியின் மின்சாரத்தால் நீரைப் பகுத்து ஐதரசன் தயாரித்து, அதிலிருந்து பசளை செய்த நாடு அது. 2023 மார்ச் மாத இறுதியில் 'ஹீத்ரா' என்னும் பாதைப்படகு, திரவ ஐதரசனில் இயங்கும் உலகின் முதலாவது பாதைப்படகாக நோர்வேயின் தென்மேற்கில் ஓடத் தொடங்கியது. ஆனால் ஐதரசனைத் திரவமாக வைத்திருக்க, பூச்சியத்திற்குக் கீழே 253 பாகை செல்சியஸ் குளிர் வேண்டும். அத்தகைய திரவ ஐதரசனைப் போதியளவு தயாரிக்கும் ஆலை நோர்வேயில் இல்லாமையால், ஜேர்மனியின் லொய்னா நகரிலிருந்து பார ஊர்திகளில் அதனைக் கொண்டுவர நேர்ந்தது. மாசற்ற படகுக்கு எரிபொருள் சுமந்துவர டீசல் பார ஊர்தி நாடுகள் கடந்து ஓடியது என்றால், படகு முந்திக்கொண்டது, துறைமுகத் திட்டம் பிந்திக்கொண்டது என்பதே பொருள்.

பாதுகாப்பும் சிறிய விடயமன்று. 2019 ஜூன் மாதம் ஒஸ்லோவுக்கு அருகிலுள்ள சண்ட்விக்காவில் ஐதரசன் நிரப்பு நிலையமொன்று வெடித்தது. உயர் அழுத்தக் கலனின் அடைப்பானொன்று சரியாகப் பொருத்தப்படாமையே காரணமென விசாரணையில் தெரியவந்தது. பெரிய விஞ்ஞானம் தவறவில்லை. ஒரு திருகாணியின் இறுக்கம் தவறியது. ஆகவேதான் இத்தகைய களஞ்சியங்களைக் குடியிருப்புகளிலிருந்து எவ்வளவு தூரத்தில் வைப்பது என்பது துறைமுகத் திட்டமிடலின் மையக் கேள்வியாகி விட்டது.

அமோனியா ஐதரசனை விட எளிதில் திரவமாகும். பூச்சியத்திற்குக் கீழே 33 பாகை போதும். பசளைத் தொழிலின் பயனாக அதனைக் கையாளும் அனுபவம் ஒரு நூற்றாண்டாக உலகில் உண்டு. ஆனால் அது நச்சு வாயு. கசிந்தால் மூச்சையும் கண்ணையும் தாக்கும். கடலில் கலந்தால் மீனினத்தைக் கொல்லும். மெதனோல் சாதாரண வெப்பநிலையிலேயே திரவமாக இருப்பதால் களஞ்சியப்படுத்த எளிது. ஆனால் அதனைப் பசுமை வழியில் தயாரிக்க உயிர்க்கழிவோ, பிடித்தெடுத்த காபனீரொட்சைட்டோ வேண்டும். அவை போதியளவு மலிவாகக் கிடைப்பதில்லை. ஒரே அளவு ஆற்றலுக்கு எண்ணெயை விட இரண்டு, மூன்று மடங்கு கொள்ளளவும் இவற்றுக்குத் தேவைப்படுகின்றது.

எனவே எதிர்காலத்தில் ஒரே எரிபொருள் அரசாளப் போவதில்லை. ஒரே துறைமுகத்தில் மின்கம்பியும் மெதனோல் தாங்கியும் அமோனியாக் குழாயும் அருகருகே நிற்க நேரலாம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனிப் பாதுகாப்பு எல்லை, தனித்தனித் தீயணைப்புப் பயிற்சி, தனித்தனி நிலம் வேண்டும். எந்தக் கப்பலும் வராத எரிபொருளுக்காகப் பொதுப்பணத்தைச் செலவிட்டால் மக்கள் நட்டப்படுவர். எரிபொருள் கிடைக்காத துறைமுகத்தை நம்பி எவரும் கப்பல் கட்டார். முட்டையா கோழியா என்ற இப்பழைய வழக்கைத் தீர்த்துவைக்க வேண்டிய நீதிபதி அரசேயாகும்.

5. தள்ளிப்போன காலக்கெடு

இவ்விடத்தில் ஓர் உண்மையை மறைக்காது சொல்லியாக வேண்டும். 2018 இல் விதிக்கப்பட்ட 2026 என்ற காலக்கெடு முழுமையாகக் காக்கப்படவில்லை. பத்தாயிரம் தொன் கொள்ளளவுக்குக் குறைந்த பயணிகள் கப்பல்களுக்கு அது 2026 ஜனவரி முதலாம் நாளுக்கென வைக்கப்பட்டது. அதற்கு மேற்பட்ட பெரும் உல்லாசக் கப்பல்களுக்கோ 2032 வரை அவகாசம் கொடுக்கப்பட்டது. பெருங்கப்பல்களுக்கான தொழில்நுட்பமும் எரிபொருளும் இன்னும் தயாராகவில்லை என்பது அரசு தரப்பின் நியாயம். கப்பல்கள் வராதுபோனால் தம் கடைகளும் தங்குவிடுதிகளும் படுத்துவிடுமென்பது குடாவோரச் சிற்றூர் மக்களின் அச்சம். எட்டு ஆண்டுகள் முன்னறிவித்த சட்டமே நெகிழ்ந்தால், புதிய கலங்களில் முதலீடு செய்து நேர்மையாகத் தயாரானவர்கள் ஏமாற்றப்பட்டவர்கள் ஆகமாட்டார்களா என்பது சூழலியலாளரின் வினா. ஃபிலொம், குட்வாங்கன் ஆகிய ஊர்களுக்கிடையே 2018 முதலே முழு மின்கலச் சுற்றுலாக் கலமொன்று ஓடிக்கொண்டிருந்தது என்பதும் இங்கு நினைவுகூரத்தக்கது.

மூன்று தரப்பிலும் நியாயம் உண்டு. ஆயினும் ஒரு பாடம் தெளிவானது. காலக்கெடுவை எழுதுவது எளிது. அதற்குமுன் மின்கம்பியையும் எரிபொருள் ஆலையையும் கட்டுவதே கடினம். இரண்டையும் ஒரே நாளில் தொடங்காத திட்டம், கடைசி ஆண்டில் வந்து மண்டியிடும்.

நோர்வேயை முழுமையான முன்மாதிரியாகக் கொள்வதும் பொருந்தாது. அந்நாட்டின் மின்சாரத்தில் மிகப்பெரும் பகுதி நீர்வலுவிலிருந்து கிடைக்கின்றது; அந்த வரம் எல்லா நாடுகளுக்கும் வாய்ப்பதில்லை. தன் கரையில் மின்படகு ஓட்டும் அதே நாடு, எண்ணெயையும் எரிவாயுவையும் உலகுக்கு விற்றே தன் செல்வத்தைச் சேர்த்தது என்ற முரண்பாட்டையும் நோர்வே மக்களே சுட்டிக்காட்டி வருகின்றனர்.

உலக அரங்கிலும் பாதை நேராக இல்லை. 2050 ஆம் ஆண்டளவில் கப்பற்றுறை நிகரப் பூச்சிய நிலையை எட்டவேண்டுமென்று சர்வதேச கடல்சார் அமைப்பு 2023 இல் இலக்கு வகுத்தது. அதனை நடைமுறைப்படுத்தும் விதிமுறைகளுக்கு 2025 ஏப்ரலில் கொள்கையளவில் ஒப்புதல் கிடைத்தது. ஆனால் அதே ஆண்டு ஒக்ரோபரில், அவற்றை ஏற்பது பற்றிய முடிவு ஓராண்டுக்குப் பிற்போடப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியமோ 2024 முதல் கப்பல்களின் காபனுக்கு விலை வைத்ததுடன், 2025 முதல் எரிபொருளின் தூய்மைக்கும் எல்லை வகுத்துள்ளது. உலகம் தயங்கும் இவ்வேளையில் நாடுகளும் துறைமுகங்களும் தத்தம் அளவில் எடுக்கும் முடிவுகளின் மதிப்பு இன்னும் கூடுகின்றது.

6. தமிழ்ப் பெற்றோருக்கும் இளையோருக்கும்

இவற்றுள் தமிழருக்கு என்ன அலுவல் என்று சிலர் கேட்கக்கூடும். மூன்று விடயங்கள் சிந்தனைக்கு உரியன.

முதலாவது, குரல். நோர்வேயில் முக்கியமான சட்டவிதி அல்லது பெருந்திட்டம் ஒன்று முடிவாகுமுன், பொதுமக்களின் கருத்துக்கு அது முன்வைக்கப்படுகின்றது. வழமையாக மூன்று மாதம், குறைந்தது ஆறு வாரம் அதற்கு அவகாசம் உண்டு. கட்சி உறுப்பினரோ நிறுவனத் தலைவரோ ஆகவேண்டியதில்லை; எவரும் ஒரு பக்கக் கடிதம் அனுப்பலாம். துறைமுகத்திற்கு அருகே வாழும் குடும்பங்கள், இரவுவேளை அங்கே துப்புரவுப் பணி புரிவோர், புகையினால் மூச்சிரைக்கும் பிள்ளைகளின் பெற்றோர் ஆகியோரின் கருத்து அங்கே பதிவாகாவிடின், உல்லாசக் கப்பல் நிறுவனங்களின் கருத்து மட்டுமே பதிவாகும். வரி கொடுப்பதோடும் தேர்தலில் வாக்களிப்பதோடும் குடியுரிமை முடிந்துவிடுவதில்லை. நோர்வே மொழியில் கடிதம் எழுதத் தயங்கும் பெற்றோருக்கு, அம்மொழியிலேயே கல்வி கற்ற பிள்ளை எழுதிக்கொடுக்கலாம். அது அப்பிள்ளைக்குக் கிடைக்கும் சிறந்த குடியியற் பாடமுமாகும்.

இரண்டாவது, தொழில். புலம்பெயர்ந்த பெற்றோரிடையே வைத்தியம், பொறியியல், சட்டம் என்ற மூன்று வாசல்கள் மட்டுமே திறந்திருப்பதாக ஓர் எண்ணம் நிலவுகின்றது. மீன் ஆலையின் ஈரத்தரையில் நின்று உழைத்தவர்கள், தம் பிள்ளைகள் உடலுழைப்பின் பக்கமே திரும்பக்கூடாதென விரும்பியதில் வியப்பில்லை. அதன் பின்னால் ஆழ்ந்த வலி உண்டு. எனினும் காலம் மாறியுள்ளது. கரைமின் நிலையத்தை இணைக்கும் மின்னியலாளர், மின்கலத் தீயை அணைக்கப் பயின்ற கடலோடி, ஐதரசன் குழாயைச் சோதிக்கும் தொழில்நுட்பவியலாளர் ஆகியோருக்கு வரும் ஆண்டுகளில் பெருந்தேவை உண்டு. நோர்வேயில் தொழிற்பயிற்சி முடித்துச் சான்றிதழ் பெற்றவர் சமூகத்தில் தாழ்ந்தவராகக் கருதப்படுவதில்லை. சண்ட்விக்காவில் தவறியது ஒரு பொருத்துநரின் வேலை என்பதை எண்ணிப்பார்த்தால், கைத்தொழிலின் கண்ணியம் விளங்கும். அவ்வேலையைச் சரியாகச் செய்யும் ஒருவர், ஓர் ஊரையே காக்கின்றார்.

மூன்றாவது, தாயக மண். தமிழர் வாழும் கரைகளும் இம்மாற்றத்திற்கு வெளியே இல்லை. இந்திய அரசு பசுமை ஐதரசன் மையங்களாகத் தெரிந்தெடுத்த துறைமுகங்களுள் தூத்துக்குடியிலுள்ள வ. உ. சிதம்பரனார் துறைமுகமும் ஒன்றாகும். 2025 செப்டெம்பரில் அங்கே முன்னோடி ஐதரசன் ஆலை திறந்துவைக்கப்பட்டதுடன், கப்பல்களுக்குப் பசுமை மெதனோல் நிரப்பும் வசதிக்கும் அடிக்கல் நாட்டப்பட்டது. நிலக்கரிக் கப்பலோடு சுதேசி இயக்கம் தொடங்கிய அதே கரையில் இது நிகழ்வது வரலாற்றின் பொருத்தமேயாகும். யாழ்ப்பாணத் தீவுகளுக்கிடையிலான கடலோ, லாவிக் ஒப்பெடால் கடலைப் போலவே குறுகிய தூரங்களைக் கொண்டது. அங்கே ஆண்டு முழுவதும் வெயிலும் காற்றும் உண்டு. காரைநகரிலே ஒருகாலத்தில் நோர்வேயின் துணையோடு படகு கட்டிய அனுபவமும் உண்டு. டீசல் வராத நாளில் பாதையும் நின்றுபோகும் நிலை என்றென்றும் தொடரவேண்டிய விதியன்று. ஆனால் அம்பியரின் பாடத்தை மறத்தல் ஆகாது: படகுக்கு முன் கரையில் மின்கம்பியும் மின்கலமும் திட்டமிடப்பட வேண்டும், அதற்கு முன் அவ்வூர் மக்களிடம் கேட்கப்பட வேண்டும்.

நிறைவாக

கடற்கரையில் நிற்கும் கலங்கரை விளக்கம் எந்தக் கப்பலையும் கையைப்பிடித்து இழுப்பதில்லை. பாறை எங்கே, வழி எங்கே என்று காட்டிவிட்டு, ஒவ்வொரு இரவும் தவறாது எரிகின்றது. கப்பல் எரிபொருள் பற்றிய அரசின் திட்டமிடலும் அவ்வாறே அமைதல் வேண்டும். ஓரிரவு எரிந்து மறுஇரவு அணையும் விளக்கை நம்பிக் கலம் செலுத்துவோர் யாருமிலர். காலக்கெடு தள்ளிப்போகும் ஒவ்வொரு முறையும் அவ்விளக்கு ஒருமுறை மங்குகின்றது. அது மங்காது காப்பது ஆட்சியாளரின் கடமை மட்டுமன்று, கரையில் வாழும் குடிமக்களின் கடமையுமாகும்.

இன்று வீடு திரும்பும் பெற்றோர் தம் பிள்ளைகளிடம் ஒரு வினாவைக் கேட்கலாம்: அடுத்த முறை படகில் ஏறும்போது அது எதனால் இயங்குகின்றது என்று கேட்டுப் பார்ப்பாயா? பிள்ளைகளும் தம் பெற்றோரிடம் ஒரு வினாவைக் கேட்கலாம்: ஊரிலே பாதை நின்றுபோன நாட்களில் எப்படிக் கடல் கடந்தீர்கள்? இவ்விரு வினாக்களுக்கும் விடை தேடும் குடும்பத்தில், கடந்த தலைமுறையின் அனுபவமும் வருந்தலைமுறையின் அறிவும் ஒரே மேசையில் அமரும்.